இழுக்கும் வண்டி தாங்குமா?

அமெரிக்காவிலும் கனடாவிலும் மே மாதக் கடைசியில் கோடைப் பிரயாணங்கள் தொடங்கிவிடுகின்றன. படுக்கை, அடுப்பு, குளியலறை முதலிய சகல வசதிகளும் அமைந்த முகாம் டிரெய்லர்களைப் பிக்கப் டிரக்குகளின் பின்னால் பூட்டிக்கொண்டு, லட்சக்கணக்கான குடும்பங்கள் மலைகளையும் ஏரிகளையும் நாடிப் புறப்படுகின்றன. அந்த டிரக் அந்த டிரெய்லரை இழுக்கத் தகுதியுள்ளதா என்ற கேள்விக்கு அவர்களில் பலர் நம்பியிருக்கும் விடை, விளம்பரத்தில் கண்ட ஓர் எண். அந்த எண் பொய்யன்று. ஆனால் குழந்தை குட்டிகளோடு பிரயாணம் செய்யும் ஒரு கிரகஸ்தனுக்கு அது பெரும்பாலும் உதவாத எண் என்பதும், அவனுக்கு உதவக்கூடிய எண் வேறோர் இடத்தில், யாரும் குனிந்து பார்க்காத ஒரு மூலையில் ஒட்டப்பட்டிருக்கிறது என்பதும் நாம் கவனிக்க வேண்டிய விஷயங்கள்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. கொள்ளைநோய்க் காலத்தில் விமானமும் ஹோட்டலும் வேண்டாம் என்று எண்ணியவர்கள் முகாம் வண்டிகளின் பக்கம் திரும்பினார்கள். 2021ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்கத் தொழிற்சாலைகள் 6 லட்சத்துக்கும் சற்று அதிகமான முகாம் வண்டிகளை விற்பனைக்கு அனுப்பின. அந்தத் தொழிலின் சரித்திரத்திலேயே அது உச்சம். அவற்றில் மிகப் பெரும் பகுதி இந்தியானா மாகாணத்து எல்க்ஹார்ட் என்னும் ஊரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த பட்டறைகளில் உருவானவை.

அன்று புதிதாக வாங்கப்பட்ட அந்த வண்டிகள் இன்று பழைய வண்டிச் சந்தையில் கைமாறுகின்றன. புதிதாக வாங்குகிறவனுக்காவது கடைக்காரர் நாலு வார்த்தை சொல்லுவார்; கைமாற்றாக வாங்குகிறவனுக்கு அதுவும் இல்லை. டெக்ஸஸிலும் கலிபோர்னியாவிலும் டொரண்டோவிலும் குடியேறிய நம் குடும்பங்களில் சிலவும் இந்த வழக்கத்தைப் பற்றிக்கொண்டிருக்கின்றன. கோடையில் ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தாவையும் பாட்டியையும் பின் ஆசனத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டு புறப்படுகிற அந்தக் குடும்பங்களுக்கு, பின்னால் விளங்கப்போவதுபோல், இந்தக் கணக்கு மற்றவர்களைக் காட்டிலும் ஒரு படி அதிக முக்கியமானது.

விளம்பர எண் எங்கிருந்து வருகிறது

ஒரு காலத்தில் ஒவ்வொரு கம்பெனியும் தன் டிரக் எவ்வளவு இழுக்கும் என்பதைத் தன் இஷ்டப்படி சோதித்துத் தன் இஷ்டப்படி அறிவித்து வந்தது. ஒருவர் 10,000 பவுண்டு என்றால் மறு வருஷம் அடுத்தவர் 10,400 என்பார். இந்தப் போட்டிக்கு ஒரு பிரமாணம் வகுக்க வேண்டுமென்று வாகனப் பொறியியலாளர்களின் சங்கமான எஸ்ஏஇ 2008இல் ஒரு பொதுச் சோதனை முறையை வெளியிட்டது. டொயோட்டா கம்பெனி தன் டண்ட்ரா டிரக்குக்கு முதன்முதலாக அதை ஏற்றுக்கொண்டது. மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே சில ஆண்டுகளைக் கழித்து, 2015 வாக்கில் வந்து சேர்ந்தார்கள். பொது அளவுகோலை வைத்து அளந்த மாத்திரத்தில் சில டிரக்குகளின் எண் பல நூறு பவுண்டு இறங்கிப்போயிற்று என்பதிலிருந்தே, அதற்கு முந்தைய எண்கள் எவ்வளவு தாராளமானவை என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

சோதனை கடுமையானதுதான். அரிஸோனா மாகாணத்தில் கொலராடோ நதியின் கரையிலிருந்து மலை மேல் ஏறும் 68ஆம் எண் சாலையில், டேவிஸ் அணைக்கட்டின் பெயரால் வழங்கும் 11.4 மைல் நீளமான ஏற்றத்தை, பாரன்ஹீட் 100 டிகிரி வெயிலில், குளிர்சாதனத்தை முழு வேகத்தில் ஓடவிட்டு, மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் டிரக் ஏறி முடிக்க வேண்டும். இஞ்சின் கொதிக்கக் கூடாது; எதுவும் உடையக் கூடாது. இந்தப் பரீட்சையில் தேறிய டிரக்கின் இஞ்சினைப் பற்றி நாம் சந்தேகம் கொள்ள இடமில்லை.

ஆனால் அந்தச் சோதனை டிரக்கில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். தலைக்கு 150 பவுண்டு என்ற கணக்கில் இரண்டு பேர், அவ்வளவுதான். மனைவி மக்கள் இல்லை, நாய் இல்லை, பின் தொட்டியில் விறகு இல்லை, ஜெனரேட்டர் இல்லை. பின்னால் வரும் டிரெய்லரும் தன் எடையில் 10 சதவீதத்தை மட்டுமே டிரக்கின் மேல் சாய்க்கும்படி அமைக்கப்பட்டது. இவ்வளவு இலகுவான குடும்பம் எங்கே இருக்கிறது?

இன்னொரு சங்கதி. விளம்பரத்தில் காணும் எண், அந்தப் பெயரில் விற்கும் டிரக்குகள் அனைத்துக்கும் உரியதன்று; குறிப்பிட்ட இஞ்சின், குறிப்பிட்ட அச்சின் பல்சக்கர விகிதம், குறிப்பிட்ட உடல் நீளம், இழுப்பதற்கென்றே சேர்க்கப்பட்ட உபகரணங்கள் ஆகிய எல்லாம் கூடிய ஒரே ஒரு சேர்க்கைக்கு உரியது. ஃபோர்டு எஃப்-150 என்னும் பிரசித்தமான டிரக்கையே எடுத்துக்கொண்டால், சமீப வருஷங்களில் ஒரு பதிப்பு 8,000 பவுண்டு அளவில் நின்றுவிட, இன்னொரு பதிப்பு 13,000 பவுண்டைத் தாண்டுகிறது. தெருவில் நிற்கும்போது இரண்டும் இரட்டைப் பிள்ளைகளாகத் தோன்றும்.

கதவோரத்துச் சீட்டு

ஓட்டுநரின் கதவைத் திறந்தால், கதவு வந்து பொருந்தும் தூணில் டயர் காற்றழுத்தத்தைக் குறிக்கும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். பிரயாணிகள், சாமான்கள் ஆகியவற்றின் மொத்த எடை இன்ன அளவை ஒருபோதும் மீறலாகாது என்று அதில் பவுண்டிலும் கிலோவிலும் அச்சிட்டிருக்கும். டிரக் தன் முதுகின்மேல் தாங்கக்கூடிய பாரம் அது. வியாபாரிகள் அதைப் பேலோட் என்று சொல்லுவார்கள். அந்தச் சீட்டு அந்த ஒரு டிரக்குக்கென்றே, அதில் பொருத்தப்பட்ட உபகரணங்களைக் கணக்கிட்டு அச்சிடப்பட்டது. விற்பனைக் கூடத்தில் எழுப்பப்படும் ஆரவாரத்தில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

டிரெய்லர் தன் எடை முழுவதையும் தன் சக்கரங்களிலேயே சுமப்பதில்லை. அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை கொக்கியின் வழியாக டிரக்கின் மேல் இறங்குகிறது, இறங்கவும் வேண்டும். இப்படி இறங்கும் பாரமும் பேலோடிலிருந்துதான் கழிகிறது. பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். இழுக்கும் எண் 11,000, டிரெய்லரின் எடை 7,200, ஆகவே 3,800 பவுண்டு மிச்சம் என்று ஒரு கழித்தலோடு திருப்தி அடைந்துவிடுகிறார்கள்.

ஓர் உதாரணத்தால் இதை விளக்கலாம். இழுவைத் திறன் 11,000 பவுண்டு (ஏறத்தாழ 5,000 கிலோ) என்று பெயர்பெற்ற, எஃப்-150ஐப் போல் அரை டன் வகுப்பைச் சேர்ந்த ஒரு டிரக். அதன் கதவோரத்துச் சீட்டு 1,550 பவுண்டு என்கிறது. இந்த வகுப்பில் இது சாதாரணமாகக் காணும் அளவே. பிரயாணத்துக்குத் தயாராக நிரப்பிய டிரெய்லர் 7,200 பவுண்டு. அதில் 13 சதவீதம் கொக்கியில் இறங்கினால் 936 பவுண்டு. பாரத்தைப் பகிரும் இரும்புக் கொக்கிச் சாதனத்துக்கு (அதைப் பற்றிப் பின்னால் சொல்லுவோம்) ஒரு 100. ஆக 1,036 போக, மிச்சம் 514 பவுண்டு.

தகப்பனார் 190, தாயார் 150, பிள்ளைகள் இருவரும் சேர்ந்து 190: மொத்தம் 530. வீட்டு வாசலை விட்டுப் புறப்படுவதற்கு முன்பே, ஒரு பெட்டிகூட ஏற்றாத நிலையில், டிரக் தன் வரம்பைத் தாண்டிவிட்டது. விளம்பரக் கணக்கின்படி இன்னும் 3,800 பவுண்டு இழுக்கலாம். கதவோரத்துச் சீட்டின்படி ஒரு தண்ணீர்ச் செம்பைக்கூட ஏற்றக் கூடாது. தாத்தா பாட்டி ஆசனத்தில் ஏறியபின் நிலைமை என்னவென்று வாசகர்களே கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

கணக்கைத் திருப்பியும் போடலாம். 1,550 பவுண்டிலிருந்து குடும்பத்துக்கு 530, கொக்கிச் சாதனத்துக்கு 100, பின் தொட்டிச் சாமான்களுக்கு 150 கழித்தால் 770 நிற்கும். கொக்கியில் இறங்கத்தக்க உச்சப் பாரம் அதுவே. அதை 13 சதவீதமாகக் கொண்ட டிரெய்லரின் எடை சுமார் 5,900 பவுண்டு. 11,000 பவுண்டு இழுக்கும் என்று பெயர்பெற்ற டிரக் இந்தக் குடும்பத்துக்கு மெய்யாகவே இழுத்துச் செல்லக்கூடியது அவ்வளவுதான். பாதியைவிடச் சற்று அதிகம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. விலை ஏற ஏற டிரக்கின் தாங்குதிறன் குறைகிறது. கண்ணாடிக் கூரை, சூடேறும் ஆசனங்கள், மின்சாரப் படிகள் என்று சேர்க்கப்படும் ஒவ்வோர் ஆடம்பரமும் தானே ஓர் எடையாக உட்கார்ந்துகொண்டு, நாம் ஏற்றக்கூடிய எடையிலிருந்து அதைக் கழித்துக்கொள்ளுகிறது. அதே மாதிரி, அதைவிடக் கனத்த முக்கால் டன் வகுப்பில் டீஸல் இஞ்சின் பூட்டிய டிரக் மலையையே இழுத்துவிடும் போல் தோன்றினாலும், அந்த இஞ்சினின் சொந்தப் பளுவினால், பெட்ரோல் இஞ்சின் கொண்ட சகோதர டிரக்கைவிடக் குறைவாகவே தாங்குவதைப் பல இடங்களில் காணலாம்.

டிரெய்லர் விற்பவர் சொல்லும் எடையிலும் எச்சரிக்கை வேண்டும். விளம்பரத் தாளில் காணும் உலர் எடை என்பது, தண்ணீரும் தட்டுமுட்டுச் சாமான்களும் சேராத, பெரும்பாலும் பாட்டரிகூட வைக்கப்படாத, தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்ட நிலையின் எடை. அந்த நிலையில் அதில் ஒருவரும் குடியிருக்கப்போவதில்லை. ஒரு கேலன் தண்ணீர் 8 பவுண்டுக்கு மேல். 40 கேலன் தொட்டியை நிரப்பினால் 330 பவுண்டு ஏறிவிடும். பாத்திரங்கள், படுக்கை, துணிமணி, மளிகை, மடக்கு நாற்காலிகள், பிள்ளைகளின் சைக்கிள்கள் என்று சேரச் சேர, 6,000 பவுண்டு உலர் எடை சொல்லப்பட்ட டிரெய்லர் 7,000 பவுண்டைத் தாண்டி நிற்பது விசேஷமான சம்பவம் அன்று; அதுவே வழக்கம். ஆகவே டிரெய்லரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் உச்ச எடையை வைத்துக் கணக்கிடுவதே யுக்தமான காரியம்.

முன்பாரமும் பின்பாரமும்

அப்படியானால் டிரெய்லரின் சாமான்களையெல்லாம் பின்பக்கமாகத் தள்ளி வைத்துக் கொக்கியில் இறங்கும் பாரத்தைக் குறைத்துவிடலாமே என்று ஒரு சாமர்த்தியசாலி கேட்கக்கூடும். இதற்கு விடை நம் ஊர் வண்டிக்காரருக்குத் தெரியும். மாட்டு வண்டியில் முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே தூக்கிக்கொண்டு வண்டியே குடைசாயும். ஆகையினால் அவர் நெல் மூட்டைகளை ஏற்றி முடித்ததும், நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்த்து, ஒரு மூட்டையை முன்னுக்கோ பின்னுக்கோ நகர்த்துவார். 30 அடி நீளமான அலுமினிய வீட்டுக்கும் இதே நியாயந்தான். வித்தியாசம் என்னவென்றால், மாட்டு வண்டி நடை போடுகிறது, இது மணிக்கு 65 மைல் வேகத்தில் ஓடுகிறது.

பின்பாரம் மிகுந்த டிரெய்லர் சாலையில் பாம்புபோல் இடவலமாக நெளியத் தொடங்கும். பக்கத்தில் ஒரு பெரிய லாரி முந்திச் செல்லும்போது எழும் காற்றின் தள்ளுதலோ, இறக்கத்தில் கூடிய வேகமோ அதற்குப் போதும். ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகி, சில விநாடிகளுக்குள் டிரக்கின் பின்புறத்தையே பற்றி இழுத்து இரண்டையும் குறுக்கே கவிழ்த்துவிடுகிறது. அத்தருணத்தில் பயந்துபோன ஓட்டுநர் இயல்பாகச் செய்கிற இரண்டு காரியங்களும், அதாவது டிரக்கின் பிரேக்கை ஓங்கி மிதிப்பதும் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டி வெட்டித் திருப்புவதும், அபாயத்தை அதிகப்படுத்துகின்றன. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் இயக்குகிற கைப்பிடியை மெல்ல அழுத்துவதுதான் முறை. இந்தக் கைப்பிடி எங்கே இருக்கிறதென்று முன்கூட்டியே விரல்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தேடுவதற்கு அப்போது அவகாசம் இராது.

பாரத்தைப் பகிரும் கொக்கிச் சாதனம் இங்கே பெரிய உதவி. கொக்கியில் இறங்கும் பளு டிரக்கின் பின் அச்சை அழுத்தி முன் சக்கரங்களைத் தூக்கிவிடாதபடி, அதன் இரு விற்கம்பிகள் பளுவின் ஒரு பகுதியை முன் அச்சுக்கும் டிரெய்லரின் அச்சுகளுக்கும் திருப்பி அனுப்புகின்றன. ஸ்டியரிங்குக்குப் பிடிப்பு மீள்கிறது. ஆனால் அதைப் பூட்டிய மாத்திரத்தில் கதவோரத்துச் சீட்டின் எண் உயர்ந்துவிட்டது என்று சில விற்பனையாளர்கள் சொல்லுவது சுத்த அபத்தம். வரம்பை மீறிய டிரக் மட்டமாக நிற்பதனால் வரம்புக்குள் வந்துவிடாது.

ஏற்றமும் இறக்கமும்

கொலராடோவில் 70ஆம் எண் நெடுஞ்சாலை, ஐசன்ஹோவர் சுரங்கப் பாதையருகே, 11,000 அடிக்கு மேல் ஏறுகிறது. டர்போ இல்லாத இஞ்சின் ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் ஏறத்தாழ 3 சதவீதம் சக்தியை இழக்கும். அந்த உச்சியை அடையும்போது மூன்றில் ஒரு பங்கு போய்விட்டிருக்கும். ஏறும்போது இஞ்சின் திணறினால் பின்னால் வருபவர்கள் ஹாரன் அடிப்பார்கள், அதோடு சரி. இறங்கும்போதுதான் மெய்யான பரீட்சை. மிகுந்த பாரத்தைப் பிரேக்கினாலேயே தடுத்துக்கொண்டு இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏறிய கியரைவிட உயர்ந்த கியரில் இறங்கலாகாது என்று பழைய லாரி ஓட்டிகள் சொல்லும் வழக்கத்தை இங்கேயும் கைக்கொள்ள வேண்டும்.

மின்சார டிரக் வாங்கியவர்கள் வேறொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். இழுக்கும் சக்தி அவற்றுக்குத் தாராளமாகவே உண்டு. ஆனால் உயரமான ஒரு டிரெய்லரைப் பூட்டியதும், ஒரு சார்ஜில் ஓடும் தூரம் ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது.

சட்டம் எங்கே நிற்கிறது

இவ்வளவு நுணுக்கமான கணக்கு தேவைப்படும் ஒரு காரியத்துக்கு, அமெரிக்க மாகாணங்கள் பெரும்பாலானவற்றில் சாதாரணக் கார் லைசென்ஸே போதும். நேற்றுவரை ஒரு சிறு காரை ஓட்டியவர் இன்று 35 அடி நீளமான வீட்டை இழுத்துக்கொண்டு மலையேறலாம்; ஒரு கேள்வி கேட்பாரில்லை. கலிபோர்னியா கொஞ்சம் கண்டிப்பானது: 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட முகாம் டிரெய்லருக்குத் தனி லைசென்ஸ் கேட்கிறது; டிரெய்லர் இழுக்கும் வாகனங்களுக்கு மணிக்கு 55 மைல் என்று வேக வரம்பும் விதித்திருக்கிறது. கனடாவில் ஒண்டேரியோவின் சாதாரண ஜி லைசென்ஸ் 4,600 கிலோ வரையுள்ள டிரெய்லரை அனுமதிக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியா அந்த அளவுக்கு மேற்பட்ட முகாம் டிரெய்லருக்குத் தனிச் சான்று கேட்கிறது.

ஆனால் அபாயம் 10,000 பவுண்டில் தொடங்குவதில்லை என்பதை நம் உதாரணக் குடும்பம் காட்டிவிட்டது. 7,200 பவுண்டில் வரம்பை மீறியிருக்கும் அவர்கள் எந்தச் சட்டத்தின் கண்ணிலும் படமாட்டார்கள். பிரிட்டன் இன்னும் விசித்திரமாக நடந்துகொண்டது. 1997க்குப் பின் கார் லைசென்ஸ் பெற்றவர்கள் கனமான டிரெய்லரை இழுக்கத் தனியாக ஓட்டிக்காட்டிப் பரீட்சையில் தேற வேண்டும் என்று அங்கே இருந்த விதியை, 2021 டிசம்பரில் அரசாங்கம் எடுத்துவிட்டது. லாரி ஓட்டுநர்களுக்குப் பஞ்சம் ஏற்பட்டதனால், பரீட்சை நடத்தும் அதிகாரிகளை அந்தப் பக்கம் அனுப்ப வேண்டியிருந்ததாம். அதிகாரிகளின் நேரம் மிச்சமாயிற்று என்பது வாஸ்தவம். அதற்காக 3,500 கிலோ டிரெய்லர் இலகுவாகிவிடவில்லை.

செய்யத்தக்கவை

முதலாவது கடமை விற்பவர்களுடையது. அவர்கள் தாமாகச் செய்ய மாட்டார்களாகையால் மாகாண அரசாங்கங்கள் செய்விக்க வேண்டும். டிரக்கின் விளம்பரத்தில் இழுவைத் திறன் எவ்வளவு பெரிய எழுத்தில் அச்சிடப்படுகிறதோ, அதே அளவு எழுத்தில் அந்தப் பதிப்பின் தாங்குதிறனும் அச்சிடப்பட வேண்டும். டிரெய்லர் விற்கும்போது, வாங்குகிறவரின் டிரக்கில் உள்ள சீட்டைப் பார்த்து, குடும்பத்தின் எடையைக் கேட்டு, மேலே நாம் போட்ட கூட்டல் கழித்தலை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும் என்று விதி செய்தால், கடைக்காரருக்கு ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது. வீடு வாங்கக் கடன் கொடுக்கிறவர்கள் எத்தனை தாள்களில் கையெழுத்து வாங்குகிறார்கள். இந்த ஒரு தாள் யாருக்கும் பாரமாகாது.

லைசென்ஸ் விஷயத்தில், ஒரு முழுப் பரீட்சை வேண்டும் என்று நாம் வற்புறுத்தவில்லை. 5,000 பவுண்டுக்கு மேற்பட்ட டிரெய்லரைப் பதிவு செய்ய வருகிறவர், பின்னோக்கி ஓட்டுதல், பிரேக் கைப்பிடியின் உபயோகம், பாரம் ஏற்றும் முறை ஆகிய மூன்றிலும் ஒரு பகற்பொழுது பயிற்சி பெற்றதற்குச் சான்று காட்டினால் போதுமானது.

வாங்கப்போகிறவர் செய்யக்கூடியது அதிகம். டிரெய்லர் கடைக்குப் போகுமுன் கதவோரத்துச் சீட்டைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கொக்கி பூட்டும் இடத்திலும் ஒரு சீட்டு உண்டு, பாரம் பகிரும் சாதனத்தோடு எவ்வளவு, அது இல்லாமல் எவ்வளவு என்று இரண்டு எண்கள் அதில் காணும், அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு இடிக்குமானால், இன்னும் பெரிய டிரக்கைத் தேடுவதற்கு முன் இன்னும் சிறிய டிரெய்லரைத் தேடுவது செலவை மிச்சப்படுத்தும். வருஷத்துக்கு இரண்டு வாரம் மட்டுமே போகிற குடும்பத்துக்கு வாடகை டிரெய்லரே மேல் என்பது நம் அபிப்பிராயம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கும் வழி உண்டு. நெடுஞ்சாலையோர லாரி நிலையங்களில் எடை மேடைகள் இருக்கின்றன. 1977 முதல் இயங்கிவரும் கேட் ஸ்கேல் மேடைகள் அவற்றில் பிரபலமானவை. டிரக்கின் முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லரின் அச்சுகள் ஆகிய மூன்றையும் தனித்தனியே நிறுத்து ஒரு ரசீது தருவார்கள். கட்டணம் ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுதான். பாரம் பகிரும் விற்கம்பிகளைத் தளர்த்திவிட்டு டிரெய்லரோடு ஒரு முறையும், அதைக் கழற்றிவிட்டு டிரக்கை மட்டும் மறுமுறையும் நிறுத்தால், கொக்கியில் இறங்கும் பாரம் எவ்வளவு என்பது ஊகத்துக்கு இடமின்றி வெளிப்பட்டுவிடும். வரம்பு மீறியிருந்தால் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து, முகாமுக்குப் போய் நிரப்பிக்கொள்ளலாம். விறகை அங்கேயே வாங்கலாம். அப்படியும் அடங்காவிட்டால் தாத்தா பாட்டியை இன்னொரு காரில் அழைத்துச் செல்லலாம்.

இந்தக் கோடையில் புறப்படத் தயாராக இருக்கும் குடும்பங்களை நாம் கேட்டுக்கொள்வது ஒன்றே. முதற் பிரயாணத்துக்கு முந்தைய வாரத்தில், சாமான்களையெல்லாம் ஏற்றி, குடும்பத்தார் அனைவரையும் உட்கார வைத்துக்கொண்டு, அருகிலுள்ள எடை மேடைக்கு ஒருமுறை போய் ரசீது வாங்கி வாருங்கள்.